தசையல்லாத உயிரணுக்களின் சுருங்குவிசை: ஓர் ஆய்வு வரலாறு

தசை சுருங்கக் காரணமான ஆக்டின், மயோசின் என்னும் இரு புரதங்கள் தசையல்லாத உயிரணுக்களிலும் உள்ளன. இரத்த உறைகட்டி இறுகுவதும், புண்ணின் ஓரங்கள் நெருங்கி வருவதும், விலங்கு உயிரணு நடுவில் இடுங்கி இரண்டாவதும் இவற்றின் இழுவிசையால்தான். எனினும், இவை தசைக்கே உரியவை என்ற எண்ணம் மாற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது.

தசையில் தொடக்கம்

1864இல் செருமானிய உடலியலாளர் வில்லெம் கூனே, தவளைத் தசையிலிருந்து பிரித்தெடுத்த புரதத்துக்கு மயோசின் எனப் பெயரிட்டார். 1942இல் அங்கேரியின் செகெட் நகரில், ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் புரூனோ ஸ்ட்ராப் ஆக்டினைக் கண்டறிந்தார். இரு புரதங்களும் சேர்ந்த இழைகள், ஏடிபி சேர்த்ததும் உடலுக்கு வெளியிலேயே சுருங்கின. 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியின் குழுவும் ஹியூ ஹக்ஸ்லியின் குழுவும் தனித்தனியே விளக்கம் தந்தன: இழைகளின் நீளம் குறைவதில்லை, அவை ஒன்றையொன்று ஒட்டி வழுக்கிச் செல்வதால் தசை சுருங்குகிறது.

எலும்புத் தசையில் இவ்விழைகள் வரிவரியாக அடுக்கப்பட்டிருக்கும். மற்ற உயிரணுக்களில் அத்தகைய வரிகள் தென்படவில்லை. எனவே அங்கும் அதே இயந்திரம் இருக்கலாம் என்று பலர் எண்ணவில்லை.

தசைக்கு வெளியே

1952இல் ஏரியல் லோவி, பைசாரம் என்னும் மஞ்சள் நிறச் சளிப்பூஞ்சையின் சாற்றை ஆராய்ந்தார. ஏடிபி சேர்த்தபோது, தசைப் புரதக் கரைசலைப் போலவே அதன் பிசுக்குமை குறைந்தது. 1959இல் சுவிட்சர்லாந்தின் பெட்டெக்ஸ்-கலாண்டும் லூஷரும் மனித இரத்தத் தட்டணுக்களிலிருந்து இதேபோன்ற சுருங்கும் புரதத்தைப் பிரித்தனர். 1966இல் சப்பானின் ஹதானோவும் ஊசாவாவும் பைசாரத்திலிருந்து ஆக்டினைத் தூய்மைப்படுத்தினர்.

1969இல் இஷிகாவா, பிஷாஃப், ஹோல்ட்சர் ஆகியோர் மயோசின் துண்டுகளைப் பலவகை உயிரணுக்களில் செலுத்தினர். அவை மெல்லிய இழைகளில் அம்புமுனை வடிவில் ஒட்டியதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. அவ்விழைகள் ஆக்டின் என்பதற்கு இது தெளிவான சான்றாயிற்று.

இருப்பும் செயலும்

ஒரு புரதம் இருப்பதால் மட்டுமே அது வேலை செய்கிறது என்று கொள்ள முடியாது. பிரியும் முட்டையின் இடுக்கில் நுண்ணிழை வளையம் உள்ளதை 1960களின் இறுதியில் தாமஸ் ஷ்ரோடர் விவரித்தார். 1976இல் புஜிவாராவும் பொலார்டும் எதிர்ப்பொருளைக் கொண்டு அங்கு மயோசின் திரள்வதைக் காட்டினர். மறு ஆண்டு மபுச்சியும் ஒகுனோவும் மயோசினுக்கு எதிரான எதிர்ப்பொருளை நட்சத்திர மீனின் கருவணுக்களில் செலுத்தினர். உட்கரு பிரிந்தது, உயிரணு பிரியவில்லை. உயிரணுவை இரண்டாக்கும் விசைக்கு மயோசின் தேவை என்பது இதனால் உறுதியானது.

1980இல் ஆல்பர்ட் ஹாரிசும் அவருடைய குழுவினரும் மெல்லிய சிலிக்கோன் படலத்தின் மேல் உயிரணுக்களை வளர்த்தனர். அவை இழுத்த இழுப்பில் படலம் சுருக்கம் விழுந்தது. உயிரணுவின் விசை கண்ணுக்குத் தெரிந்தது.

கட்டுப்பாடு

தசையின் தடித்த இழையில் ஏறத்தாழ 300 மயோசின் மூலக்கூறுகள் நிலையாக இருக்கும். தசையல்லாத உயிரணுவில் சுமார் 30 மூலக்கூறுகள் மட்டுமே சேர்ந்து குறுகிய இழையாகின்றன. வேலை முடிந்ததும் பிரிந்துவிடுகின்றன. மயோசினின் இலேசான சங்கிலியில் பாஸ்பேட் இணைவது இதற்கான முக்கியச் சாவி. தட்டணு மயோசினில் இந்தப் பாஸ்பேட் இணைப்பின் விளைவை அடெல்ஸ்டைனும் கான்டியும் 1975இல் காட்டினர்.

இந்த வரலாற்றுக்கு மருத்துவப் பயனும் உண்டு. தசையல்லாத மயோசினுக்கான எம்ஒய்எச்9 மரபணுவில் ஏற்படும் பிழை, தட்டணுக்களைப் பெரிதாக்கி அவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பது 2000இல் கண்டறியப்பட்டது. சிலருக்குச் செவித்திறனும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன. இந்நோயை எதிர்ப்பாற்றல் கோளாறால் வரும் தட்டணுக் குறைவு எனக் கருதித் தேவையற்ற சிகிச்சை அளிப்பதுண்டு. மரபணுச் சோதனை அத்தவறைத் தவிர்க்க உதவுகிறது.