சாகச வீடியோ விளையாட்டுகளில் கணிதப் புதிர்கள்

கதையொன்றின் நாயகனாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, முன்பின் அறியாத இடங்களில் உலவி, எதிர்ப்படும் தடைகளை ஒவ்வொன்றாகக் கடந்து முடிவை எய்துமாறு அமைந்த கணிப்பொறி விளையாட்டைச் சாகச விளையாட்டு என்பர். அத்தடைகளை விரல்களின் வேகத்தாலன்றி, எண், வடிவம், வரிசை, தர்க்கம் ஆகியவற்றைப் பற்றிய சிந்தனையாலேயே நீக்க வேண்டுமென விதிக்கும்பொழுது அவை கணிதப் புதிர்களாகின்றன. புதிரைக் கதையின் வழியில் வெறும் பூட்டாக மாட்டிவைப்பதா, கதை நிகழும் உலகத்தின் இயல்பிலிருந்தே அதனைத் தோற்றுவிப்பதா என்னும் வினாவே இத்துறையின் வரலாற்றை நடத்தி வந்திருக்கிறது.

முன்னோடிகள்

இப்புதிர்களிற் பல கணிப்பொறிக்கு நெடுங்காலம் முற்பட்டவை. ஓநாய், ஆடு, முட்டைக்கோசு ஆகிய மூன்றையும் ஒன்றை ஒன்று தின்றுவிடாதபடி ஓடத்தில் ஆற்றைக் கடத்தும் கணக்கு, 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யார்க் நகரத்து ஆல்குயின் இயற்றியதாகக் கருதப்படும் தொகுப்பிலேயே காணப்படுகிறது. சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றை ஒன்று தாக்காவண்ணம் நிறுத்தும் பிரச்சினையை 1848இல் மாக்ஸ் பெட்சல் வெளியிட்டார். அதற்கு 92 விடைகள் உண்டு. வட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி இடம் மாற்றும் ஹனோய் கோபுரம் என்னும் புதிரைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா 1883இல் படைத்தளித்தார். குவியல்களிலிருந்து பொருள்களை மாறிமாறி எடுக்கும் நிம் என்னும் ஆட்டத்தின் சூட்சுமம் இரும எண்முறையில் அடங்கியிருப்பதை 1901இல் சார்ல்ஸ் பௌட்டன் நிரூபித்தார். பிற்கால விளையாட்டுகளை அமைத்தோருக்கு இவை யாவும் வற்றாத களஞ்சியமாயின.

எழுத்து வடிவ விளையாட்டுகள்

இவ்வகை விளையாட்டுகளின் முதல்வனாகிய ‘கொலோசல் கேவ் அட்வெஞ்சர்’, குகை ஆராய்ச்சியில் ஈடுபாடுடைய வில் கிரௌதரால், கென்டக்கி மாநிலத்து மாமத் குகையைத் தழுவி 1970களின் இடைப்பகுதியில் எழுதப்பட்டு, 1977இல் டான் வுட்ஸால் விரிவாக்கப்பட்டது. படமே இல்லாமல் சொற்களாலேயே நடைபெறும் இவ்விளையாட்டில், எல்லா அறைகளும் ஒன்றுபோலவே வருணிக்கப்படும் புதிர்வழியொன்று உண்டு. கையிலுள்ள பொருள்களை அறைக்கொன்றாகப் போட்டு அடையாளம் செய்து, எந்த வாயில் எந்த அறைக்கு இட்டுச்செல்கிறது எனத் தாளில் குறித்துக்கொண்டாலன்றி அதிலிருந்து வெளியேறுதல் அரிது. இங்ஙனம் வரைபடம் தீட்டியவர், முனைகளையும் இணைப்புகளையும் ஆராயும் கோட்டுருவியலின் அடிப்படையைத் தம்மை அறியாமலே பயின்றவராவார்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த ‘சோர்க்’, இன்ஃபோகாம் நிறுவனத்தின் வாயிலாகப் பல பகுதிகளாக வெளிவந்தது. 1982இல் வந்த மூன்றாம் பகுதியில், மணற்கல் பாறைகளைத் தள்ளி நகர்த்தி வழி காணும் புதிர் இடம்பெற்றது. ஸ்டீவ் மெரெட்ஸ்கி அமைத்து 1988இல் வெளியான ‘சோர்க் ஸீரோ’வோ, ஹனோய் கோபுரத்தையும் நிம் ஆட்டத்தையும் பெயர் மாற்றித் தன் கதைக்குள் சேர்த்துக்கொண்டது. பழைய விநோதக் கணக்குகள் அப்படியே கதைக்குள் குடிபுகுந்த வழக்கத்திற்கு இது தக்க சான்று.

கல்வி நோக்கிய முயற்சிகள்

இதே காலத்தில், கணிதத்தைக் கற்பிப்பதற்கே சாகசக் கதையைச் சாதனமாகக் கொண்ட முயற்சிகளும் தோன்றின. வாரன் ராபினெட் பங்குகொண்ட ‘ராக்கிஸ் பூட்ஸ்’ (1982) தர்க்க வாயில்களைப் பிணைத்து இயந்திரங்கள் அமைக்கச் சிறுவர்களைப் பழக்கியது. பிரிட்டனில் கணித ஆசிரியர் சங்கம் 1984இல் பிபிசி மைக்ரோ கணிப்பொறிக்கென ‘எல்’ என்னும் கணித சாகசத்தை வெளியிட்டது.

1996இல் வெளிவந்த ‘ஸூம்பினிஸ்’ இவ்வரிசையில் விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது. அதில் வரும் சின்னஞ்சிறு உயிர்கள் தலைமுடி, கண், மூக்கு, பாதம் என்னும் நான்கு அம்சங்களில் வேறுபடுவன. ஒவ்வோர் அம்சத்துக்கும் ஐந்து வகைகள் உண்டாதலால் 625 வேறுபட்ட தோற்றங்கள் சாத்தியமாகின்றன. அவ்வுயிர்கள் கடக்க வேண்டிய பாலங்களுள் எது எந்த மூக்கை ஏற்கும், எதனை மறுக்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை; ஆடும் குழந்தையே சோதித்து, பிழைத்து, விதியை ஊகித்தறிய வேண்டும். கூட்டல் கழித்தல் வினாவொன்றுகூட இன்றி, கணிதச் சிந்தனையின் உயிர்நாடியாகிய அனுமானத்தை இவ்விளையாட்டு பயிற்றுகிறது.

குறுந்தட்டுக் காலம்

1993இல் குறுந்தட்டில் வெளியான ‘தி செவன்த் கெஸ்ட்’, பொம்மை செய்பவனொருவனின் பேய்மாளிகையில் எட்டு ராணிகள் முதலான புதிர்களை அறைதோறும் வைத்தது. காட்சிகளின் வனப்பு வியப்பூட்டியதாயினும், புதிர்களுக்கும் கதைக்கும் உள்ள தொடர்பு மெல்லியதே.

இக்குறையை முற்ற நீக்கியது, மில்லர் சகோதரர்களின் சையன் நிறுவனம் ‘மிஸ்ட்’ விளையாட்டின் தொடர்ச்சியாக 1997இல் வெளியிட்ட ‘ரிவன்’. அதன் உலகில் வழங்கும் எண்கள் இருபத்தைந்தை அடிமானமாகக் கொண்டவை; ஒன்று முதல் நான்கு வரையிலான குறிகளைக் கால்வட்டம் திருப்பினால் ஐந்து, பத்து, பதினைந்து, இருபது கிடைக்கும்; இவ்விருவகைக் குறிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டால் ஏனைய எண்கள் உருவாகும். சிற்றூர்ப் பள்ளியறையில் கிடக்கும் விளையாட்டுப் பொருளொன்றைச் சுழற்றினால் ஒரு குறி தோன்றும். தொங்கும் பொம்மையொன்று அந்த எண்ணுக்குரிய படிகள் கீழிறங்கும். அப்படிகளை எண்ணிப் பத்து வரையில் கற்றுக்கொள்ளும் ஆட்டக்காரர், அதற்கு மேற்பட்ட எண்களை அமைப்பின் ஒழுங்கிலிருந்து தாமே ஊகித்து, பின்னர் எதிர்ப்படும் பூட்டுகளைத் திறக்கிறார். அவ்வூர்க் குழந்தைகள் கற்கும் முறையிலேயே அயலாராகிய ஆட்டக்காரரும் கற்பதால், கணிதமும் கதையும் இங்கே இருவேறு பொருள்களாக நிற்பதில்லை.

பிற்கால வளர்ச்சி

ஜப்பானில் லெவல்-5 நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பேராசிரியர் லேட்டன்’ தொடரின் முதல் விளையாட்டுக்கு, புகழ்பெற்ற புதிர் நூல் வரிசையொன்றை 1966 முதல் எழுதிவந்த உளவியல் பேராசிரியர் அகிரா தாகோ புதிர்களை மேற்பார்வையிட்டார். ஆற்றைக் கடக்கும் பழங்கணக்கு இதில் ஓநாய்களும் கோழிக்குஞ்சுகளுமாக உருமாறியது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். தேடிச் சேர்த்த நாணயங்களைக் கொடுத்துக் குறிப்புகள் பெறலாம். ஊரார் யாவரும் ஏன் ஓயாமல் புதிர் போடுகிறார்கள் என்னும் கேள்விக்குக் கதையின் முடிவே விடை தருவது இதன் தனிச்சிறப்பு.

மாறாக, அதே 2007இல் வெளியான ‘மாஸ் எஃபெக்ட்’ ஹனோய் கோபுரத்தை இயந்திரம் பழுதுபார்க்கும் காட்சியொன்றில் அமைத்தது. கைவசமுள்ள பொருளைச் செலவிட்டு அதனைத் தவிர்க்கவும் இடமளித்தது. இப்புதிரில் வட்டு ஒன்று கூடுந்தோறும் நகர்த்தல்கள் இரட்டித்து அவற்றோடு ஒன்று சேரும்: 3 வட்டுகளுக்கு 7, 4 வட்டுகளுக்கு 15, 7 வட்டுகளுக்கு 127. வழியை அறியாதவருக்கு இது சிந்தனைக்கு விருந்து. அறிந்தவருக்கோ வெறும் கைவேலை. பழம்புதிர்களை மாற்றமின்றி எடுத்தாளும் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் இக்குறை பொதுவானது.

ஜோனதன் புளோ 2016இல் வெளியிட்ட ‘தி விட்னஸ்’ இதற்கு நேர்மாறான நெறியைக் கைக்கொண்டது. ஆளரவமற்ற தீவொன்றில் 500க்கு மேற்பட்ட புதிர்ப் பலகைகள் உள்ளன. விதிகளை விளக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. எளிய பலகையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கடினமாகும் வரிசையே ஆசானாக நின்று, சமச்சீர், பிரிவினை, வடிவப் பொருத்தம் ஆகியவற்றை உணர்த்துகிறது.

மதிப்பீடு

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கால இவ்வரலாறு, சிறந்த கணிதப் புதிருக்குரிய இலக்கணத்தைத் தெளிவாக்குகிறது. விடை ஊகத்திற்கு எட்டுவதாக இருத்தல் வேண்டும். ஆனால் முன்னமே மனப்பாடம் செய்ததாக இருத்தலாகாது. பிழை செய்தவர் தம் பிழையிலிருந்தே விதியைக் கற்க வழியிருத்தல் வேண்டும். பள்ளியில் கணிதத்தைக் கண்டு அஞ்சியவரும் இவ்விளையாட்டுகளில் மணிக்கணக்காக எண்களோடும் வடிவங்களோடும் போராடுவது, அவர்கள் அஞ்சியது கணிதத்தையன்று, காரணம் கூறாமல் திணிக்கப்பட்ட கணக்கையே என்பதைக் காட்டுகிறது. ஆதலின் கணிதம் கற்பிப்போர் இவற்றைப் பொழுதுபோக்கென ஒதுக்காமல், இவற்றின் அமைப்பைக் கூர்ந்து பயிலுதல் மிகவும் பயனுடையதாகும்.