எண்ணிக்கையில் வராதவர்கள்: ஜெயபுரமும் வன்னியும்

பூநகரிப் பிரதேச செயலர் பிரிவில், முழங்காவிலுக்கு அண்மையில் இருக்கிறது ஜெயபுரம். அங்கு வாழும் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் மலையகம். 1977, 1983 வன்செயல்களில் அனைத்தையும் இழந்து வந்தவர்கள் காடு வெட்டி, கிணறு தோண்டி உருவாக்கிய ஊர்கள் வன்னியில் பல.

அவர்களின் துயரம் ஓர் எண்ணிக்கையிலிருந்தே தொடங்கியது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. பிரிக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பேச்சில் இடமிருக்கவில்லை.

வன்னிக்கு வந்தவர்களை ஆளாக மதித்தவர்களும் இருந்தார்கள். வவுனியாவிலிருந்து இயங்கிய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலைகள் நடத்தியது. அதன் முன்னோடிகளுள் ஒருவர் வைத்தியர் இராஜசுந்தரம். 1983 ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் அவர் கொல்லப்பட்டார். என் தொழிலைச் சேர்ந்த அவரை நம் இளம் வைத்தியர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நமக்கும் வன்னிக்கும் ஒரு கணக்கு உண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. அடுத்த ஆண்டு நம்மில் பலர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னி சேர்ந்தோம். 1990 முதல் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் தவித்த மக்கள்தான் தங்கள் வளவில் நமக்குக் கொட்டில் போட இடம் தந்தார்கள்.

2008 இல் அவர்களுடைய முறை வந்தது. மன்னார்ப் பக்கமிருந்து போர் நகர, ஏ-32 வீதியை அண்டிய ஊர்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. ஜெயபுரம் மக்களும் தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு கிழக்கே போனார்கள். போகவேண்டாம் என்று மக்கள் மன்றாடியும் செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்தன: கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், பின் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால்.

நோயாளர் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எத்தனை மருந்து என்று கேட்கலாம். 2009 தொடக்கத்தில் வன்னியில் ஏறத்தாழ 70,000 பேரே இருப்பதாக அரசு கூறியது. மே மாத முடிவில் முகாம்களில் இருந்தவர்களோ 280,000 இற்கும் மேல். அந்தக் குறைந்த கணக்கு உணவையும் மருந்தையும் மட்டுப்படுத்தவே என்று ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் முடிவு செய்தது. பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சங்கம் கப்பல் வழியாக ஏறத்தாழ 14,000 காயக்காரரையும் நோயாளரையும் உடன் வந்தோரையும் வெளியே எடுத்தது. கடற்கரையில் மருந்தின்றி இறந்தவர்கள் எந்தப் பதிவிலும் இல்லை.

மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. தேவைகள் மூடப்படவில்லை. உடலுக்குள் எறிகணைத் துண்டோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எப்போது, எங்கே, என்ன சத்திரசிகிச்சை என்று கேட்டால் காட்டுவதற்குத் துண்டு இல்லை. வைத்தியசாலை அழிந்தபோது நோய்க்குறிப்பும் அழிந்தது. செயற்கைக் காலை ஒருமுறை கொடுத்தால் போதாது, தேயும்போது மாற்றவேண்டும். வளரும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி. ஒருநாள் விழாவில் படம் எடுத்துக் கொடுக்கும் உதவி இதற்கு ஈடாகாது.

எனவே, உலகெங்கும் இருக்கும் பழைய மாணவியரிடம் இரண்டு வேண்டுகோள். வன்னிக்குப் பணம் அனுப்பும் முன் அங்குள்ள பொதுச் சுகாதார மருத்துவமாதுவிடமோ கிராம அலுவலரிடமோ யாருக்கு, என்ன, எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள். மற்றது, 1996 இல் வன்னிக்குச் சென்று மீண்டும் நம் வகுப்பறைக்கு வராத தோழியரின் பெயர்களைச் சங்கத்துக்கு எழுதுங்கள். நூற்றாண்டுப் பட்டியலில் அவர்களும் எண்ணப்பட வேண்டும்.