விடுதியில் நிற்பவர் மாணவியா, வேலையாளா?



எமது பங்கில் தாதியக் கல்வி பயிலும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களுடைய பெற்றோர் இரண்டு வினாக்களோடு என்னிடம் வருவதுண்டு. நோயாளரைக் கழுவித் துடைப்பதற்கு மூன்று ஆண்டுப் பட்டம் எதற்கு என்பது ஒன்று. பட்டம் படிக்கப் போன பிள்ளையிடம் நாள் முழுவதும் விடுதியில் வேலை வாங்குவது ஏன் என்பது மற்றொன்று. இரண்டும் புதிய வினாக்கள் அல்ல. நாம் வாழும் இந்த இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், 150 ஆண்டுகளுக்கும் முன்னரே அவை எழுந்துவிட்டன.

அந்த இடம் புனித தோமையார் வைத்தியசாலை. அதன் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. அகுஸ்தினார் சபைத் துறவியர் அதனை நடத்திய காலத்தில், அது கன்ரபரிப் பேராயர் புனித தோமஸ் பெக்கற்றின் பெயரையே தாங்கியிருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது அதுவும் மூடப்பட்டது. 1551 இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, அரசரை எதிர்த்து நின்ற பேராயருக்குப் பதிலாகத் திருத்தூதர் தோமா பாதுகாவலர் ஆக்கப்பட்டார். பெயர்ப் பலகையை அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அங்கு தாதியர் பள்ளி ஒன்றை நிறுவும் எண்ணம் எழுந்தபோது, அவ்வைத்தியசாலையின் மூத்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் பிளின்ற் சவுத் 1857 இல் ஒரு சிறு நூலை வெளியிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார். தாதியர் வீட்டுப் பணிப்பெண்களுக்கு நிகரானவர்கள், ஒத்தடக் களிம்பு செய்வதற்கு மேல் அவர்களுக்குக் கற்பிக்க ஒன்றுமில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. பெற்றோரின் முதலாவது வினா இவருடைய குரல்தான். அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் தலைவராக இருந்த ஒருவரே அவ்வாறு எண்ணினார் என்றால், நம் பெற்றோரை நான் அதிகம் குறைகூற மாட்டேன்.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் வேறு விதமாக எண்ணியதற்குக் காரணம் அவர் கண்டறிந்தவை. 1851 இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் லூத்தரன் பணிப்பெண்களுடன் சில மாதங்கள் தங்கிப் பயின்றார். பாரிஸ் நகரில் நம் புனித வின்சென்ற் தே பவுலின் பிறரன்புப் புதல்வியரின் பணியையும் பார்த்தார். 1854 இல் கிரிமியப் போருக்கு அவர் அழைத்துச் சென்ற 38 பெண்களில் பத்துப் பேர் கத்தோலிக்கத் துறவியர். அவர்களுள் ஐவர் பெர்மொண்ட்சி இரக்கத்தின் சகோதரிகள். அவர்களின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர். நோயாளர் பராமரிப்பில் பழகியிருந்த அந்த ஐவரும் பெருந்துணையாக இருந்தனர். நோர்வூட்டிலிருந்து வந்த மற்ற ஐவரோ அநாதைப் பிள்ளைகளை வளர்த்த சகோதரிகள். பக்தியும் நல்ல மனமும் இருந்தும், காயங்களைக் கையாளும் பயிற்சி அவர்களுக்கு இருக்கவில்லை. விரைவிலேயே அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். (நைற்றிங்கேல் எல்லாச் சகோதரிகளிடமும் நீதியாக நடந்தார் என்று சொல்வதற்கில்லை. அயர்லாந்திலிருந்து வந்த அன்னை பிரான்சிஸ் பிரிஜ்மன் தேர்ந்த தாதி. அவரோடு நைற்றிங்கேல் கடைசிவரை முரண்பட்டே நின்றார்.)

போர்க்காலத்தில் மக்கள் நன்றியோடு சேர்த்த நிதியைக் கொண்டு 1860 ஜூலையில் பள்ளி தொடங்கியது. மாணவியர் பதினைவர்; பயிற்சி ஓராண்டு. நைற்றிங்கேல் நோயுற்று அறைக்குள்ளேயே வாழ்ந்தமையால், பொறுப்பு முழுவதும் தலைமைத் தாதி சேரா வார்ட்ரோப்பரிடம் இருந்தது. கற்பித்தல் முறை அக்காலத்துக்குப் புதிது. விடுதிச் சகோதரியின் கண்காணிப்பில் நோயாளரின் படுக்கையருகே கற்க வேண்டும். வைத்தியரின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெழுத வேண்டும். பார்த்தவற்றை நாட்குறிப்பில் பதிய வேண்டும். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு மதிப்பீட்டுப் பத்திரம் இருந்தது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை ஆகியன ஒரு புறம். புண் கட்டுதல், அட்டை விடுதல் முதலிய திறன்கள் மறு புறம். நோயாளரைக் கூர்ந்து நோக்குதலும் அத்திறன்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. அதுவே அனைத்திலும் கடினமானது என்று நான் கருதுகிறேன். நோயாளர் உறங்கினாரா என்று கேட்டால் “ஆம்” என்று சொல்லிவிடலாம். எத்தனை மணி நேரம் உறங்கினார், எதனால் விழித்தார், விழித்த பின் மூச்சு எப்படி இருந்தது என்று சொல்வதற்குக் கற்றிருக்க வேண்டும்.

பள்ளியின் புகழ் பரவியது. அதன் தாதியர் சிட்னி வரை சென்றனர். இங்கேதான் வரலாற்று நூல்கள் பலவும் கதையை முடித்துவிடுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் நடந்ததே.

1871 இல் வைத்தியசாலை லாம்பெத்தில் எழுந்த பெரிய கட்டடத்துக்கு மாறியது. விடுதிகள் பெருகின, கைகள் போதவில்லை. அடுத்த ஆண்டு நைற்றிங்கேல் தம் பள்ளியை நேரடியாக ஆராயத் தொடங்கினார். மாணவியரின் நாட்குறிப்புகளை வாசித்தார். அவர்களை ஒவ்வொருவராகத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேசினார். அவர் கண்டது கசப்பானது. விரிவுரை ஆற்ற வேண்டிய வைத்தியர் விற்ஃபீல்ட் அக்கடமையை நெடுங்காலமாகக் கைவிட்டிருந்தார். விடுதிச் சகோதரிகள் பலர் எதையும் கற்பிக்கவில்லை. வேலை செய்யச் செய்யத் தானாகவே கற்றுக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டனர். மாணவியர் கூலி குறைந்த பணியாளராகிவிட்டனர். பெற்றோரின் இரண்டாவது வினா, உலகின் மிகப் புகழ்பெற்ற தாதியர் பள்ளியிலேயே அன்று உண்மையாகியிருந்தது.

விற்ஃபீல்ட் விலகினார். சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் குறொஃப்ற் முறையாக விரிவுரை நடத்தத் தொடங்கினார். அதைவிடப் பெரிய மாற்றமாக நான் காண்பது, மாணவியர் இல்லத்துக்கென ஒரு சகோதரி நியமிக்கப்பட்டதாகும். விரிவுரையில் விளங்காததை மாலையில் மீண்டும் விளக்குவதும், பாடத்தை விடுதி அனுபவத்தோடு இணைத்துக் காட்டுவதும் அவருடைய பணி. நோயாளருக்குப் பொறுப்பாக இல்லாமல் கற்பவருக்கு மட்டுமே பொறுப்பாக ஒருவர் வேண்டும் என்பதை அப்பள்ளி பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே உணர்ந்தது.

ஆயினும் நோய் தீரவில்லை. அமெரிக்காவில் ஜோசபின் கோல்ட்மார்க் எழுதி 1923 இல் வெளியான அறிக்கை அதே முறைகேட்டையே விவரித்தது. மாணவியர் எப்போதோ கற்றுத் தேர்ந்த வேலைகளையே மீண்டும் மீண்டும் செய்தனர். நீண்ட வேலைக்குப் பின் களைத்துப்போய் வகுப்பில் அமர்ந்தனர். கல்வியின் தேவைக்கும் வைத்தியசாலையின் தேவைக்கும் முரண்பாடு வந்தபோதெல்லாம் தோற்றது கல்வியே. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகம், வைத்தியசாலைக்குக் கட்டுப்படாத தாதியர் பள்ளியைத் தொடங்கியது.

பிரித்தானியா இன்னும் மெதுவாக நடந்தது. மாணவரைப் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்ற கோட்பாட்டோடு ‘புரொஜெக்ற் 2000’ திட்டம் 1989 இலேயே நடைமுறைக்கு வந்தது. 2013 முதல் இங்கிலாந்தில் புதிதாகப் பயிற்சி தொடங்கும் அனைவருக்கும் பட்டப்படிப்பு கட்டாயமாயிற்று. 2018 இல் வெளியான தராதரங்கள் மொத்தம் 4600 மணி நேரக் கல்வியைக் கேட்டன. அதில் பாதி வகுப்பறையில், பாதி நோயாளரின் அருகில். விடுதி வேலையும் பாடத்திட்டத்தின் பகுதியே; ஆகவே உங்கள் பிள்ளை அங்கு நிற்பதில் தவறில்லை, எவரும் கற்பிக்காமல் நிற்பதில்தான் தவறு. வார்ட்ரோப்பர் ஒருவரே சுமந்த பொறுப்பு அத்தராதரங்களின்படி மூவரிடம் பிரிந்துள்ளது. விடுதியில் வழிகாட்டுபவர் ஒருவர், அங்கேயே மதிப்பிடுபவர் வேறொருவர், பல்கலைக்கழகத்தின் சார்பில் மதிப்பிடுபவர் மூன்றாமவர். வாரக்கணக்கில் கற்பிப்பார் எவருமின்றி வேலை மட்டும் செய்ததாகப் பிள்ளை வீட்டில் சொன்னால், அந்த மூன்றாமவரிடம் அதனை எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள்.