கூடுதலாக 200 பிரதி

அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் அரசு ஆவணங்களை வாங்கி வைத்துக் காக்கின்றன. பல நூலகங்களின் வாசலில் அதற்கென்று ஒரு கழுகுச் சின்னம் ஒட்டியிருக்கும். தனியார் பல்கலைக்கழகமே ஆனாலும், அந்த ஆவணங்களைப் பார்க்க வருகிறவரிடம் காசு கேட்கக் கூடாது.

இந்த ஏற்பாடு பிறந்தது 1813 டிசம்பரில். பிரிட்டனுடன் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இரு அவைகளின் நடவடிக்கைக் குறிப்பேடுகளையும் ஆவணங்களையும் வழக்கத்தைவிட 200 பிரதி கூடுதலாக அச்சடித்து, மாநில அரசுகள், பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், வரலாற்றுச் சங்கங்களுக்கு அனுப்பலாம் என்று நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. மக்களின் அறியும் உரிமை என்றெல்லாம் அதில் பெரிய பேச்சு கிடையாது; அச்சகத்துக்குச் சொன்ன கணக்குதான். எட்டு மாதம் கழித்து பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து நாடாளுமன்றக் கட்டடத்தைக் கொளுத்தியது. உள்ளே இருந்த நூலகமும் எரிந்துபோனது. தலைநகரில் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

1850களின் இறுதியில், எந்த நூலகத்துக்குப் பிரதி போகலாம் என்று சொல்லும் உரிமை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கிடைத்தது. தொகுதிக்கு ஏதாவது செய்ததாகக் காட்ட அவர்களுக்கு இது தோதாக இருந்திருக்கும். திட்டம் நாடெங்கும் வேர்விட்டதில் கொள்கையைவிட இந்த ஆசைக்குப் பங்கு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நூலகங்களில் காகிதம் குவிந்தது. தேடினால் கிடைக்க வேண்டுமே! 1895இல் வந்த அச்சுச் சட்டம் விநியோகப் பொறுப்பை அரசு அச்சகத்திடம் கொடுத்தது; மாதாந்தரப் பட்டியலுக்கும் வழி செய்தது. அப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் பொது நூலகத்திலிருந்து அங்கே வேலைக்கு வந்தவர் அடிலெய்ட் ஹாஸே. 30 வயதுகூட ஆகவில்லை. ஆவணங்களை அவர் பொருள்வாரியாகப் பிரிக்கவில்லை. வெளியிட்ட துறைவாரியாகப் பிரித்தார். 'ஏ' என்றால் வேளாண் துறை, ஏ 1 அமைச்சர் அலுவலகம், ஏ 1.10 அதன் ஆண்டு மலர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வானிலை ஆய்வகம் வேளாண் துறையிலிருந்து வணிகத் துறைக்கு மாறியதும், ஏ 29 என்ற அதன் எண் சி 30 ஆனது. அதே மழை, அதே வெயில். அலமாரி மட்டும் வேறு. ஹாஸேயின் முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

நூலகத்தில் இருந்தாலும் இந்தப் பிரதிகளுக்கு உடைமையாளர் அரசுதான். அது 2001இல் தெரிந்தது. குடிநீர் ஆதாரங்கள் பற்றிய ஒரு குறுந்தகடை அழித்துவிடும்படி நூலகங்களுக்கு உத்தரவு வந்தது. காரணம், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிந்தைய அச்சம். 2004இல் நீதித் துறையும் அப்படிக் கேட்டது. இந்த முறை ஐந்து பிரசுரங்கள், அரசு பறிமுதல் செய்த சொத்து தொடர்பானவை. அவற்றில் இரண்டு வெறும் சட்டத் தொகுப்புகள். ஊருக்கே தெரிந்த சட்டத்தை யாரிடமிருந்து ஒளிப்பது? நூலகர்கள் எதிர்த்தார்கள், அமெரிக்க நூலகச் சங்கம் தகவல் உரிமைச் சட்டப்படி அதே பிரசுரங்களைக் கேட்டு மனுப் போட்டது. சில நாளில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

1993இல் இணையவழி வெளியீட்டுக்குச் சட்டம் வந்தது. பிறகு அச்சுப் பிரதி குறைந்துகொண்டே போனது. வாஷிங்டனிலிருந்து பார்சல் வருவதற்குப் பதில், வாஷிங்டனின் கணினியை நூலகம் எட்டிப் பார்க்கிறது. அங்கே ஒரு கோப்பை எடுத்துவிட்டால் எல்லா ஊரிலும் ஒரே நொடியில் காணாமல் போகும். அழிக்கச் சொல்லி யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. இதற்காகவே சில நூலகங்கள் ஒன்று சேர்ந்து, அரசு தளத்தின் ஆவணங்களைத் தத்தம் கணினியில் இறக்கி வைத்திருக்கின்றன. அந்தக் கணினிகள் பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பழுதானதை மற்றவற்றிலிருந்து சரிசெய்துகொள்கின்றன.