மாட்டுக்குச் சோறு போடும் முன் கொஞ்சம் யோசியுங்கள்

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும், மாட்டுப் பொங்கலன்று வைக்கும் பொங்கலையும் மாடு ஆசையாகத் தின்னும். அளவு மீறினால் மறுநாள் படுத்த மாடு எழாது. பாசத்தால் வரும் நோய் இது.

மாட்டின் முதல் வயிற்றில் அமில கார நிலை (பி.எச்.) 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். வைக்கோலை அசைபோடும்போது நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் ஊறும். அதிலுள்ள சோடா உப்பு அமிலத்தை முறித்துவிடும். சோற்றை மெல்லத் தேவையில்லை, உமிழ்நீரும் ஊறாது. சோறு வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும். பி.எச். 5-க்குக் கீழே இறங்கும்.

அமிலம் ரத்தத்தில் ஏறியதும் மாடு வேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றும், சிறுநீரகம் அமிலத்தைக் கழிக்கும். நம் உடம்பும் இப்படித்தான் ரத்தத்தின் பி.எச். அளவை 7.4 அருகில் காக்கிறது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு.

தீவனம் எடுக்காமை, அசைபோடாமை, வயிறு உப்புசம், புளித்த வாடையுடன் கழிச்சல், தள்ளாட்டம் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிற்கும் நிலையிலுள்ள பெரிய மாட்டுக்கு 100 முதல் 150 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையை அதிகம் தூக்காமல் மெதுவாகப் புகட்டுங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு எதுவும் புகட்ட வேண்டாம், புரையேறும். இரண்டிலும் கால்நடை மருத்துவரை உடனே அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 இலவச எண்.

பொங்கலன்று சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி போதும். அதற்கு முன் வயிறு நிறைய வைக்கோல் போட்டுவிடுங்கள்.