கையெழுத்துப் போட்ட நட்சத்திரங்கள்

நடிகர்களிடம் ஆட்டோகிராப் வாங்குகிறவர்களை நமக்குத் தெரியும். அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களைத் தேடிச் சேகரிக்கிறவர்களும் உண்டு, தெரியுமா? பழைய ஹாலிவுட் ஒப்பந்தங்கள் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன.

காரணம் எளிது. ரசிகர்களுக்கு அனுப்பிய போட்டோக்களில் பெரும்பாலும் செக்ரட்டரிகள்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஜீன் ஹார்லோவுக்கு அவர் அம்மாவே போட்டார்! ஒப்பந்தத்தில் அந்த வேலை நடக்குமா? கோர்ட்டுக்குப் போகக்கூடிய காகிதம் ஆச்சே. 1946 ஃபாக்ஸ் கம்பெனி ஒப்பந்தத்தில் 'நார்மா ஜீன் டௌகெர்ட்டி' என்று கையெழுத்து இருக்கும். அவர்தான் மர்லின் மன்றோ. 21 வயது ஆகாததால் கார்டியனும் சேர்ந்து போட வேண்டியிருந்தது.

எனக்கென்னவோ கையெழுத்தைவிட அதற்கு மேலே இருக்கும் ஷரத்துகள்தான் முக்கியமாகப் படுகின்றன. ஒப்பந்தம் ஏழு வருஷம். நடுவில் கழற்றிவிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு, விலக நடிகருக்குக் கிடையாது. கொடுத்த வேஷத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் சஸ்பென்ஷன். அந்த நாட்களையும் கடைசியில் கூட்டிக்கொள்வார்கள்! ஒலிவியா டி ஹாவிலண்ட் இதை எதிர்த்து வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டார். 1944-ல் கலிஃபோர்னியா அப்பீல் கோர்ட், ஏழு வருஷம் என்றால் காலண்டர்படி ஏழு வருஷம்தான் என்றது. 

இதைப் படித்தபோது நம்ம ஊர்ப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களின் 'சுமங்கலித் திட்டம்' ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம். நடுவில் நின்ற பல பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல்கூடப் பலரிடம் இல்லை. கோர்ட்டில் எதைக் காட்டுவார்கள்?

சரி, நம்ம சினிமாவுக்கு வருவோம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ காலத்திலும் மாதச் சம்பளம்தான். சென்ட்ரல் ஸ்டுடியோவில் பணம் போட்டவர்களில் மில் முதலாளியும் உண்டு. எம்.ஜி.ஆர். நாயகனான 'ராஜகுமாரி' (1947) அங்கேதான் எடுக்கப்பட்டது. அந்தக் காலத்து ஸ்டில்கள், படத் தகவல்கள் இன்று கிடைக்கின்றன என்றால் அதற்கு 2016-ல் மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றவர்கள்தான் காரணம். அவர் சேகரிப்பைத் தமிழக அரசே வாங்கியது. ஆனால் ஒப்பந்தம், சம்பள வவுச்சர் எல்லாம் யார் கண்ணிலும் அதிகம் படவில்லை.

கோவை, திருப்பூர்ப் பக்கம் உங்கள் தாத்தா யாராவது ஸ்டுடியோவில் வேலை பார்த்திருந்தால், பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய காகிதம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!