திரும்பவில்லை: செயற்பதிவேட்டு வரி ஒன்றன் விளக்கவுரை

பாயிரம்

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய அரச விமானப்படையின் குண்டுவீச்சுக் கட்டளையகத்திலே பறந்தோர் ஏறத்தாழ 1,25,000 பேர். அனைவரும் தாமே விரும்பிப் பறக்க வந்தோர். அவருள் மாண்டோர் 55,573 பேர் என்பது நெடுங்காலம் வழங்கிவரும் தொகை. அன்னார் வரலாற்றைத் தேடப் புகும் மாணாக்கன் முதலிற் கையிலெடுக்கும் நூல், ஸ்குவாட்ரன் என்னும் விமானப்படைப் பிரிவு ஒவ்வொன்றும் எழுதிவைத்த செயற்பதிவேடு. அது லண்டனை அடுத்த கியூ என்னும் ஊரிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 'ஏர் 27' என்னும் வரிசையில் உளது. அதன்கண் 540ஆம் படிவம் நாள்தோறும் நிகழ்ந்ததைத் தொகுத்துரைக்கும். 541ஆம் படிவம் ஒவ்வோர் ஊர்தியின் ஒவ்வொரு பறப்பையும் விரித்துரைக்கும். ஈண்டு உரை கூறப்புகுவது 541ஆம் படிவத்துள் பன்முறை பயின்றுவரும் வாய்பாடு ஒன்றற்கு. ஓர் இரவுக்கே உரிய எண்ணும் ஊரும் வருமிடத்து 'இன்ன' என்று நிறுத்தப்பட்டது.

மூலம்

ஊர்தி: லங்காஸ்டர், எண் இன்னது. குழு: எழுவர். கடமை: குண்டுவீச்சு, இன்ன ஊர். புறப்பட்ட நேரம் இன்னது. இறங்கிய நேரம் —. புறப்பட்டபின் யாதொரு செய்தியும் கேட்கப்படவில்லை. வானூர்தி திரும்பவில்லை.

உரை

1. ஊர்தி: லங்காஸ்டர், எண் இன்னது

ஊர்தி என்றது பொது. லங்காஸ்டர் என்றது சிறப்பு. நான்கு பொறிகளையுடைய இவ்வகை வானூர்தி 7,377 கட்டப்பட்டமையின், சிறப்புப் பெயரும் ஒன்றைப் பிரித்துக் காட்டாதாயிற்று. அதுபற்றி 'எண் இன்னது' என்றார்.

எண்ணாவது தொழிற்சாலையில் இட்ட பெயர். விலாப்புறத்தே பெரிதாக எழுதிய எழுத்துக்களோ ஸ்குவாட்ரன் இட்ட பெயர். முதலிரண்டு எழுத்தும் ஸ்குவாட்ரனையும், பின்னின்ற ஓரெழுத்து அதனுள் ஊர்தியையும் குறிக்கும். இவ்வெழுத்து மாறும், ஊர்தி ஒழிந்தால் அடுத்ததற்குச் செல்லும். எண் மாறாது. லண்டன் ஹெண்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் ஆர் 5868 என்னும் லங்காஸ்டர், 83ஆம் ஸ்குவாட்ரனில் 'கியூ' எனப்பட்டது. 467ஆம் ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரனில் 'எஸ்' எனப்பட்டது. எழுத்தைப் பற்றித் தேடுவான் இதனை இரண்டு ஊர்தியென மயங்குவன். எண்ணைப் பற்றித் தேடுவான் மயங்கான். ஆகலின் எண்ணையே கொள்க என்பது கருத்து.

2. குழு: எழுவர்

எழுவராவார் விமானி, பறப்புப் பொறியாளர், வழிகாணி, குண்டு குறிபார்ப்பவர், கம்பியில்லாத் தந்தியாளர், நடுமேல் சுடுநர், வால் சுடுநர் என்போர். படிவத்தில் இவர் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். முதற்பெயர் விமானியது. பதவி நோக்கி நிறுத்திய முறையன்று இது. பொறுப்பு நோக்கி நிறுத்தியது. விமானி சார்ஜண்டாகவும் சுடுநர் அவரினும் மேற்பட்ட அதிகாரியாகவும் இருப்பினும், வானில் ஊர்தித்தலைவர் விமானியே என்க.

எழுவர் என்றது பெரும்பான்மை பற்றி. புதிதாக வந்த விமானி தம் குழுவைத் தாம் கொண்டுபோகுமுன், பழகிய குழுவொன்றோடு கண்டறியச் செல்லும் வழக்கு உண்டு. அவ்விரவு அவ்வூர்தி ஒழியுமாயின் திரும்பாத எட்டாமவர் அவர். பட்டியலின் எட்டாம் பெயரை எழுத்துப் பிழையென்று தள்ளற்க.

பெயரொற்றுமையால் வரும் மயக்கத்தைப் படையெண் நீக்கும். அஃதேல் படையெண் ஒருவர்க்கு ஒன்றேயோ எனின், அன்று. சார்ஜண்டாய் இருந்தவர் அதிகாரி ஆணை பெற்றால் புதிய எண்ணும் பெறுவர். இரண்டு எண்ணும் ஒருவரைக் குறித்தலின், பழையதன்கீழ்த் தேடி ஏடு முடிந்ததென்று நின்றுவிடாது புதியதன்கீழும் தேடுக.

குழு என்னும் சொல் ஒருமை. எழுவர் என்னும் பன்மையை அச்சொல்லுள் அடக்கியது, அவர் உயிர் ஒன்றனை ஒன்று பற்றி நின்றமை தோன்றற்கு. 'ஒருமனப்பட்டுச் செய்வோம்' என்னும் பொருளதாகிய இலத்தீன் தொடரைத் தன் முத்திரையிற் கொண்டது 35ஆம் ஸ்குவாட்ரன். சென்னை மாகாணத்தார் போர்க்கு நிதி நல்கியமையின் அதற்குச் 'சென்னை மாகாணம்' என்பதே பெயராயிற்று. ஒருவரைத் தேடுவார் எழுவரையும் தேடுக என்பது 'குழு' என்னும் ஒருமையாற் போந்த பயன். ஒருவர் வீட்டுப் பெட்டியில் இல்லாத கடிதம் மற்றொருவர் வீட்டுப் பெட்டியில் இருத்தல் கூடும்.

3. கடமை: குண்டுவீச்சு, இன்ன ஊர்

கடமை என்றது அவ்விரவு ஏவப்பட்ட தொழிலை. குண்டுவீச்சு என்றது வெளிப்படை. வேறோரேட்டில் 'தோட்டவேலை' என வருமாயின், அகராதிப் பொருள் கொள்ளற்க; கடலிற் கண்ணிவெடி இடுதலுக்கு அது குறிச்சொல். கடற்பகுதிகளைப் பெரும்பாலும் செடிகொடிகளின் பெயராற் குறித்தமையும் அதுபற்றியே.

'இன்ன ஊர்' என்புழி ஊர் என்றது இடத்தை மட்டுமன்று. ஆகுபெயரால் ஆண்டு வாழ்ந்தோரையும் குறிக்கும். 1943 சூலையில் ஹாம்பர்க் நகர்மேல் நிகழ்ந்த குண்டுவீச்சில் மாண்டோர் 30,000க்கும் மேற்பட்டோர். விமானக் குழுவின் வரலாறு எழுதுவார் அவ்வூரின் ஏடுகளையும் நோக்குதல் கடன். மேலே பறந்தோர்க்கு இரங்கும் நெஞ்சம் கீழே இருந்தோர்க்கும் இரங்கினல்லது அவ்வரலாறு நிரம்பாது.

4. புறப்பட்ட நேரம் இன்னது

நேரத்தைக் கூறி நாளைக் கூறாதது, நாள் முன்னரே படிவத்தின் முதற்பத்தியில் நின்றமையின். ஆயினும் இரவுப்பறப்பு இரு நாளைத் தழுவும். மாலையிற் புறப்பட்டு நள்ளிரவு கடந்து வீழ்ந்தோர்க்குச் சாநாள் யாது? நியூரம்பெர்க் நகர்மேற் சென்ற தாக்குதலில் 95 ஊர்தி ஒழிந்த இரவை '1944 மார்ச் 30/31' என்று சாய்கோடிட்டு எழுதுதல் மரபு. ஆனாற் கல்லறையில் ஒரு நாளே பொறிக்க இயலும். ஓரேட்டில் 30 என்றும் மற்றோரேட்டில் 31 என்றும் காணின், இரு நிகழ்ச்சியெனக் கொள்ளாது பாடபேதமெனக் கொள்க.

1941 முதற் போர்க்காலத்துப் பிரித்தானியக் கடிகாரம் கோடையில் கிரீன்விச் நேரத்தினும் இரண்டு மணி முந்தியோடியது. வேற்றுநாட்டு ஏட்டின் நேரத்தோடு இதனை ஒப்பிடுவார் அவ்வேறுபாட்டைக் கழித்தன்றி முடிவு செய்யற்க.

5. இறங்கிய நேரம் —

இஃது இம்மூலத்தின் உயிர்நிலை.

'இறங்கிய' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். நிகழாத இறக்கத்தை நிகழ்ந்ததுபோல் கூறியது என்னையெனின், அது எழுதினார் சொல்லன்று. படிவத்தை அச்சிட்டார் சொல். அச்சிட்டார் எல்லா ஊர்தியும் இறங்கும் என்று கருதியே அப்பத்தியை வகுத்தனர். எழுதினார் அக்கருத்தை மறுக்கவும் மாட்டாது, நிரப்பவும் மாட்டாது, சிறுகோடு ஒன்று கிழித்தனர். சில ஏடுகளில் அக்கோடும் இன்றி வெற்றிடமே உளது.

இதனைப் பறப்புக் குறிப்பேட்டோடு சேர்த்துக் காண்க. ஒவ்வொருவரும் தம் பறப்பைத் தம் கையால் எழுதிவந்த ஏடு அது. இரவுப்பறப்பைச் சிவப்பு மையால் எழுதுவர். நாள், ஊர்தி, விமானி பெயர், கடமை, மணி, நிமிடம் என வரிவரியாய்ச் செல்லும். எழுதுவது திரும்பிய பின்னர். ஆகலின் திரும்பாதார் ஏட்டின் இறுதி வரி மட்டும் பிறர் கையெழுத்தாய் இருக்கும். முன்னைய வரிகளில் ஒருவர்க்கே உரிய சாய்வும் சுழிவும் பக்கந்தோறும் வந்து, ஈற்றில் அயலார் எழுத்து நிற்கக் காண்பார்க்கு வேறுரை வேண்டா. மூலத்திற் கோடாய் நின்றதே ஆண்டுக் கையெழுத்து மாற்றமாய் நின்றது என்க.

6. புறப்பட்டபின் யாதொரு செய்தியும் கேட்கப்படவில்லை

'யாதொரு' என்பது முற்றும் விலக்கி நின்றது. 'கேட்கப்படவில்லை' என்பது செயப்பாட்டுவினை. கேளாதார் இன்னார் என்பது தொக்கது. அவர் நிலத்தில் இருந்து செவிமடுத்தோர்.

செய்தி இன்மையால் ஊர்தி புறப்பட்டவுடன் வீழ்ந்தது போலும் எனின், அவ்வாறு கொள்ளற்க. பகைவர் கேட்டு இடமறிவர் ஆகலின், குண்டுவீச்சு ஊர்திகள் செல்வழியில் வாய்திறவாது செல்லுதலே விதி. தந்தியாளர் தளத்தின் அறிவிப்பைக் கேட்டிருப்பர், தாம் பேசார். ஆகவே இத்தொடர் நேர்ந்த கேட்டைக் கூறவில்லை; அறியாமையையே கூறிற்று. புறப்பட்ட கணம் முதல் எரிபொருள் தீரும் கணம் வரை உள்ள நேரம் முழுதும் இதனுள் அடங்கும்.

அவ்விடைவெளியைப் பிற ஏடுகளே நிரப்பும். வீழ்ந்த ஊர்தி பற்றி ஜெர்மானியர் எழுதிய அறிக்கை ஒன்று. போர்க்குப்பின் மீண்டோர் வாக்குமூலம் ஒன்று. விமான அமைச்சகம் ஒவ்வோர் இழப்புக்கும் வகுத்த கோப்பு ஒன்று. இறுதியிற் கூறியது கியூவில் 'ஏர் 81' என்னும் வரிசையில் சிறிது சிறிதாக வெளியிடப்பட்டு வருகிறது. ஆஸ்திரேலியரும் கனடியரும் குழுவில் இருந்தாராயின், அவ்வந்நாட்டு ஆவணக்காப்பகத்தையும் நாடுக. ஒரே ஊர்திக்கு மூன்று நாட்டில் கோப்பு இருத்தலும் உண்டு.

7. வானூர்தி திரும்பவில்லை

எழுவாய் வானூர்தி, எழுவர் அல்லர். இது கூர்ந்து நோக்கத்தக்கது. 'மாண்டனர்' என்று எழுதினாரல்லர். வாளா 'திரும்பவில்லை' என்றொழிந்தனர். அறிந்தது அவ்வளவே ஆகலின் அவ்வளவே கூறினர். பதிவேட்டின் வாய்மை இச்சொல்லடக்கத்தால் விளங்கும்.

திரும்பாமை மூவகைத்து: மாண்டு திரும்பாமை, சிறைப்பட்டுத் திரும்பாமை, ஒளிந்து தப்பி வேறு வழியால் திரும்புதல். இதற்கு மேற்கூறிய 35ஆம் ஸ்குவாட்ரனிலேயே சான்று உளது. 1942 ஏப்ரல் 27 அன்று நார்வேயில் நின்ற டிர்பிட்ஸ் என்னும் போர்க்கப்பலைத் தாக்க ஸ்காட்லாந்தின் கின்லாஸ் தளத்திலிருந்து சென்ற டபிள்யூ 1048 என்னும் ஹாலிஃபாக்ஸ் ஊர்தி தளத்துக்குத் திரும்பவில்லை. சுடப்பட்ட அது ஹோக்லிங்கன் ஏரியின் உறைபனிமேல் இறக்கப்பட்டது. குழுவினர் அனைவரும் உயிரோடு வெளியேறினர். கணுக்கால் முறிந்த பொறியாளர் சிறைப்பட, ஏனையோர் நடந்து சுவீடன் சேர்ந்தனர். பனி உருக ஊர்தி ஏரியுள் அமிழ்ந்தது. 1973இல் மேலெடுக்கப்பட்டு இன்று ஹெண்டனில் உளது. 'திரும்பவில்லை' என்ற சொல்லைக் கண்டவுடன் 'மாண்டார்' என்றெழுதுவார்க்கு இவ்வொரு சான்று போதும்.

மாண்டு திரும்பாதாரை நாடியது போர்க்குப்பின் விமானப்படை அமைத்த தேடற்பணி. 40,000க்கும் மேற்பட்டோரைத் தேட வேண்டியிருந்தது. அப்பணியாளர் ஊர்தோறும் சென்று மக்களை வினவினர். பெயரறியாக் குழிகளைத் தோண்டினர். சட்டைக் கழுத்தின் சலவைக் குறியையும், சிதைந்த பொறியிலும் துப்பாக்கியிலும் வெட்டிய எண்ணையும் நோக்கி இன்னார் எனத் துணிந்தனர். பொறியெண்ணும் துப்பாக்கியெண்ணும் ஊர்தியெண்ணைக் காட்டினமையின், முதல் தொடரின் 'எண்' என்னும் சொல் ஈண்டுப் பயன்பட்டவாறு காண்க. எழுவருள் இன்னாரெனப் பிரித்தறியலாகா வழி ஒரு கல்லறையிற் கூட்டி வைத்தனர். அவ்வாற்றானும் அறியப்படாதார்க்கு லண்டனுக்கு மேற்கே ரன்னிமீட் என்னுமிடத்தில் 1953இல் நினைவகம் திறக்கப்பட்டது. கல்லறையில்லாத விமானப்படையினர் 20,000க்கும் மேற்பட்டோர் பெயர் ஆண்டுச் சுவரில் உள.

எச்சம்

மூலம் கூறாது நிறுத்தியது ஒன்று உண்டு, அது வீடு. பதிவேட்டில் தாய் இலள், மனைவி இலள், மகவு இல்லை. அவர்க்கு முதற்கண் வந்தது தந்தி. பின்னர் ஸ்குவாட்ரன் தலைவர் கடிதம். பின்னர்ப் பல திங்கள் ஒன்றுமின்மை. ஏறத்தாழ ஆறு திங்கள் கழிந்தபின் 'மாண்டதாகக் கொள்ளப்பட்டார்' என்னும் அறிவிப்பு. ஒரே ஊர்திக் குழுவினரின் வீட்டார் ஒருவர்க்கொருவர் கடிதம் எழுதி, 'உமக்கு ஏதும் தெரிந்ததோ' என்று வினவிக்கொண்டமையும் உண்டு. கல்லறைக் கல்லின் அடியில் வீட்டார் தேர்ந்து வெட்டுவித்த சிறுதொடரே பலவிடத்து அவர் மொழியாய் எஞ்சியது. படையெண்ணும் நாளும் மேலே நிற்க, அது கீழே நிற்கும். மேலதை மட்டும் படியெடுத்துக் கொண்டு கீழதை விடுவான் பாதி மூலத்தை விட்டவன் ஆவன்.

இவ்வாறு தேடிப் பெற்ற வரலாற்றைப் பேரர்க்கு எழுதிக் கொடுக்கும் மாணாக்கன் ஒன்று கடைப்பிடிக்க. கேட்போர் பெரும்பாலும் வினவுவது ஒன்றே: 'அவர் எப்படி இறந்தார்? துன்புற்றாரா?' அறிந்தவழிக் கூறுக. அறியாவழி, நெஞ்சு நெகிழ்ந்து, 'உடனே உயிர் நீத்திருப்பார்' என்று இட்டு நிரப்பற்க. அந்நிரப்பு அடுத்த தலைமுறையில் சான்றாகிவிடும். எந்தெந்த ஏடு நாடினோம், எதில் யாது கண்டோம், எதில் யாதும் காணவில்லை என்று நிரல்பட எழுதுக. பதிவேடு எழுதினார் அவ்விரவிலேயே இதனைச் செய்து காட்டினர். புறப்பட்ட நேரம் அறிந்தனர், எழுதினர். இறங்கிய நேரம் அறிந்திலர், கோடிட்டனர். அக்கோட்டை அழியாது படியெடுத்தலும் உரையே என்க.